நீ வைத்துவிட்டுப் போன கை

நீதான் செய்தாய். ஊர் செய்யவில்லை, சாமி செய்யவில்லை, என் தலையெழுத்தும் செய்யவில்லை. பங்குனி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி வெயிலில், கருக்கம்பாளையம் மாட்டுச் சந்தையில், ஐம்பத்தெட்டு வயதான மாட்டுத் தரகன் ஒருவனின் தலையில் உன் வலது கையை வைத்து, இரண்டு தட்டுத் தட்டி, வைத்த கையை எடுக்காமலே காரில் ஏறிப் போனவன் நீ. உன்னை நீ என்றுதான் சொல்வேன். வயதில் நான் மூத்தவன், அதோடு உன் கையை ஒன்றேகால் வருசமாகச் சுமக்கிறவன். சுமக்கிறவனுக்கு இந்த உரிமைகூட இல்லையென்றால் எப்படி.

உனக்கு ஞாபகம் இருக்காது, அதனால் சொல்கிறேன். சந்தையை மேம்படுத்த வந்த குழுவில் நீதான் பெரிய ஆள் என்றார்கள். கூட வந்த இரண்டு பேர் குடை பிடித்தார்கள். நீ ஒரு மயிலைக் காளையைக் காட்டி, இதற்கு வயது என்ன என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாய். கேட்டது பெரிய மனிதன் என்று நான் தலையில் கட்டியிருந்த உருமாலையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காளையின் வாயைப் பிளந்து பல்லைக் காட்டினேன், முதுகுச் சுழியைக் காட்டினேன், நான்கு எட்டு நடக்கவிட்டு, பின்னங்கால் முன்னங்காலின் தடத்தைத் தாண்டி விழுந்தால் என்ன அர்த்தம், தாண்டாமல் விழுந்தால் என்ன அர்த்தம் என்று சொன்னேன். ஒன்பது வயதில் ஊரான் மாட்டை மூன்று நாள் நடத்திக் கொண்டுவந்து, வண்டிக்கடியில் படுத்து, மிதிபட்டு, ஏமாந்து, ஏமாற்றியவனையே பிறகு ஏமாற்றக் கற்று, நாற்பத்தொன்பது வருசம் படித்த படிப்பு அது. சந்தைதான் பள்ளிக்கூடம், மாடுதான் வாத்தியார், அதன் கால்தான் பிரம்பு. நீ சிரித்த முகமாகக் கேட்டாய். கேட்டு முடித்துவிட்டு, "பரவாயில்லையே, படிக்காமலேயே இவ்வளவு தெரிஞ்சு வச்சிருக்கீங்களே. சமத்து," என்றாய். தட்டினாய். போனாய்.

கோபம் எனக்கு உள்ளங்காலில் இருந்து ஏறும், தலைக்கு வரக் கொஞ்சம் நேரமாகும். அது வந்து சேர்ந்து நான் திரும்பியபோது உன் கார் புழுதிக்குள் இருந்தது. தலை மட்டும் இன்னும் கனமாக இருந்தது. தொட்டுப் பார்த்தேன். கை இருந்தது. வெதுவெதுப்பான, மெத்தென்ற, வேலை செய்தே அறியாத கை. மோதிர விரலில் பச்சைக்கல், மணிக்கட்டில் நான்கு விரற்கடை வெள்ளைச் சட்டைத் துணி, அதில் ஒரு நீலப் பொத்தான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. வெட்டியதுபோல் இல்லை, ரத்தம் இல்லை, பாதியில் நிறுத்திய பேச்சுபோல அந்த இடத்தோடு நின்றுபோயிருந்தது.

உனக்கு ஒன்றும் குறையவில்லை, அதுதான் என் வயிற்றெரிச்சல். காரில் நீ இரண்டு கையாலும் தண்ணீர் பாட்டிலைத் திறந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அடுத்த மாதம் பேப்பரில் நீ ரிப்பன் வெட்டும் படம் வந்தது. எண்ணிப் பார்த்தேன், பத்து விரலும் இருந்தன. உன்னிடம் அப்படிப்பட்ட கைகள் எத்தனையோ இருக்கும்போல. ஒன்று என் தலையில் தங்கிப் போனது உனக்கு எப்படித் தெரியும்.

கை சும்மா இருக்கவில்லை. நான் ஒரு பேச்சைப் பேசி முடித்தால் என் தலையில் இரண்டு தட்டுத் தட்டும். சோறு போடு என்று சொன்னால் தட்டும். மழை வரும் போலிருக்கிறது என்றால் தட்டும். வலிக்காது. வலித்திருந்தால் எவ்வளவோ தேவலை.

ஊர் இதை இரண்டு வாரத்துக்கு மேல் ஆச்சரியப்படவில்லை. எங்கள் ஊரில் ஒரு கிணறு மூன்று வருசம் உப்புத் தண்ணீர் ஊறி நான்காம் வருசம் தித்தித்தது, அதையும் இப்படித்தான் குடித்துப் பழகினோம். சவரம் செய்கிற நல்லுசாமி எனக்கு முடி வெட்டும்போது கையைச் சுற்றிப் பூவரச மரத்துக்குப் பாத்தி கட்டியதுபோல வெட்டிவிட்டு, கையின் நகத்தையும் நறுக்கிவிட்டான்; வளர்ந்துகொண்டே இருந்தது அது. என் மனைவி மயிலாத்தாள் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலின்போது அந்தச் சட்டைத் துணிக்குத் தனியாகச் சோப்புப் போட்டு, கறை படாமல் வெளுத்து வைத்தாள். மாரியம்மன் கோயிலில் பூசாரி திருநீற்றை முதலில் கைக்குப் பூசினார், மிச்சத்தை எனக்கு. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் தட்டை என்னைத் தாண்டி உயரத் தூக்கிக் காட்டினார்கள். மழைக்கு யாராவது குடை நீட்டினால் கை நனையாமல் நீட்டினார்கள், என் தோள் நனைந்தது. பரீட்சையில் தோற்ற பிள்ளைகளை வாத்தியார் கூட்டிவந்து என் முன்னால் குனியச் சொன்னார். நான் போடா என்று கத்தினேன். கை என்னைத் தட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள், வாத்தியாரும் சிரித்தார், பெரியவர் இன்றைக்கு உற்சாகமாக இருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனார்கள்.

அதுதான் தொடக்கம். என் கோபம் யாருக்கும் சுடாமல் போனதுதான் தொடக்கம்.

எங்கள் சந்தையின் வழக்கம் ஒன்றை நீ பார்த்தாய், படம்கூட எடுத்தாய், ஆனால் கேட்கவில்லை. விலையை வாயால் பேச மாட்டோம். விற்கிறவன் கையும் வாங்குகிறவன் கையும் ஒரு துண்டுக்குள் போகும். எத்தனை விரலைப் பிடிக்கிறோமோ அத்தனை விலை. வெளியே வாய் மாட்டைத் திட்டும், மாட்டுக்காரனைத் திட்டும், அவன் பாட்டனைத் திட்டும். உள்ளே விரல் ஏறும், இறங்கும், மடங்கும், முறைக்கும். கடைசியில் ஒருவன் மற்றவன் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்தது. அதற்குப் பிறகு அப்பனே வந்து சொன்னாலும் விலை மாறாது. இரண்டு தட்டு என்றால் எங்கள் ஊரில் சத்தியம்.

உன் கையும் இரண்டு தட்டுத்தான் தட்டியது.

முதல் சந்தையிலேயே வந்தது வினை. நான் துண்டைப் போட்டு, வழக்கம்போல இறங்கி வருவதற்கு இடம் வைத்து ஒரு விலையைப் பிடித்துவிட்டு, வெளியே, "இந்த மாட்டோட நடையைப் பார்த்துப் பேசுங்க," என்று சொல்லி வாய் மூடுவதற்குள், கை என் தலையில் இரண்டு தட்டுத் தட்டியது. எதிரில் இருந்தவன் துண்டை விட்டு நிமிர்ந்து, அண்ணாந்து பார்த்து, முடிந்தது என்று சொல்லிவிட்டான். நான் இல்லை என்றேன், இன்னும் தொடங்கவே இல்லை என்றேன். அதற்கும் தட்டியது. சுற்றி நின்றவர்கள், பெரிய மனிதன் கையே சத்தியம் செய்தபிறகு நமக்கென்ன என்று கலைந்தார்கள். அன்றிலிருந்து நான் சொன்னதே விலை, சொன்னதும் முடிவு. விற்கிறவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். என் பெயர் போய், கைக்காரர் என்று ஆனேன். வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அதுவரை அந்தச் சந்தையில் நான் உட்கார்ந்தவன் இல்லை.

நல்லதுதானே என்று நீ நினைப்பாய். உன்னைப் போன்றவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். நான் பேரம் பேசுகிறவன். என்னை எதிர்த்து ஒருவன் முடியாது என்று சொல்லும்போதுதான் எதிரில் ஒரு மனிதன் இருக்கிறான் என்றும், இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்றும் எனக்குத் தெரியும். முடியாது என்று சொல்ல ஆளில்லாத சந்தையில், ஆயிரம் மாடும் இரண்டாயிரம் மனிதர்களும் நிற்கிற நடுவில், நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். வீட்டிலும் அதே கதை. முப்பத்து நான்கு வருசம் என்னோடு சரிக்குச் சரி வாயாடியவள் மயிலாத்தாள். குழம்பில் உப்பில்லை என்றால், நாக்கைக் கழற்றிச் சந்தையில் விற்றுவிட்டு வந்தீரா என்று கேட்பவள். இப்போது நான் வாயெடுத்தால் அவள் கண் என் கண்ணுக்கு மேலே நான்கு விரல் உயரத்தில் போய் நின்றுவிடும். சரிங்க என்பாள். உப்பைக் கொண்டுவந்து வைப்பாள். அந்தச் சரிங்க எனக்கு வேப்பெண்ணெய் குடித்ததுபோல இருக்கும்.

உன் அலுவலகத்துக்கும் வந்தேன். மனு எழுதிப் போடச் சொன்னார்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இருக்கிறார் என்று அன்பாகவும் சொன்னார்கள். லாரிகளின் முதுகில் இருந்ததைப் படித்தே எழுத்துக் கற்றவன் நான், இதையும் நானேதான் எழுதுகிறேன். மனுவில் உங்கள் கையைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் என்று ஒரே ஒரு வரி எழுதினேன். பதில் வரவில்லை.

எனக்கு மிச்சம் இருந்தவர் மொய்தீன் ராவுத்தர் ஒருவர்தான். இருபத்தாறு வருசமாக என்னிடம் மாடு வாங்குகிறவர். மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே என் குடலை உருவுகிறவர், நானும் மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டே அவர் தாடியைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். ஒருமுறை ஒரு கிடாரிக்குக் காலையில் துண்டு போட்டு, சாயங்கால அசர் தொழுகைக்கு எழுந்து போய்த் திரும்பி வந்து மறுபடி துண்டுக்குள் கை விட்டவர். கை வந்தபிறகு கண்புரைக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டு மகள் வீட்டில் ஒரு வருசத்துக்கு மேல் இருந்தார். அவர் வரட்டும் என்று காத்திருந்தேன். அவர் வந்த செவ்வாய்க்கிழமை, வேண்டுமென்றே சந்தையிலேயே கேவலமான மாட்டைப் பிடித்து நிறுத்தினேன். வலது பின்னங்கால் நொண்டுகிற கிழட்டுக் காளை. துண்டு போடாமல் வாயாலேயே, பத்துப் பேர் கேட்க, அதற்குத் தொண்ணூறாயிரம் என்றேன்.

கை தட்டியது. ராவுத்தர் காளையைப் பார்த்தார். புதுக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு என் தலையைப் பார்த்தார்.

"சரி மாமா," என்றார்.

"என்னய்யா சரி? கால் நொண்டுது, தெரியலையா? திட்டு மாப்ளே. என்னைத் திட்டு."

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நோயாளியிடம் பேசுகிற குரலில் சொன்னார். "எதுக்கு மாமா சங்கடம். நீ சந்தோசமா இருந்தாப் போதும்."

அந்த மாட்டை நான் விற்கவில்லை. நாற்காலியைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தேன். இரண்டு பேர் போய் அதை எடுத்துவந்து, துடைத்து, மறுபடி போட்டார்கள்.

இனி என் மேல் நானே சொல்ல வேண்டிய குற்றம் ஒன்று இருக்கிறது. மறைத்தால் உன்னிடம் நியாயம் கேட்கிற உரிமை எனக்கு இல்லாமல் போகும். மறு சந்தையில் ஒரு பெண் மாடு பிடித்துக்கொண்டு தனியாக வந்தாள். குறுக்கபாளையத்துக்காரி, வேலாத்தாள் என்று பெயர், முப்பத்தைந்து வயதிருக்கும், புருசன் லாரியோடு வடக்கே போயிருந்தான். தலையீற்றுப் பசு, நல்ல மாடு. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்கு ராவுத்தர் மேல் இருந்த ஆத்திரம், உன்மேல் இருந்த ஆத்திரம், எல்லாம் சேர்ந்து எங்கேயாவது இறங்க இடம் பார்த்துக்கொண்டிருந்தது. "உனக்கு இதெல்லாம் புரியாது கண்ணு, நீ நிழல்ல போய் உக்காரு, நான் பார்த்து முடிச்சுத் தர்றேன்," என்று சொல்லி, அவள் தலையில் ஒரு தட்டுத் தட்டி, கயிற்றை வாங்கினேன். ஐந்து நிமிடத்தில் விற்றேன். பணத்தைக் கையில் வைத்து அனுப்பினேன். நல்ல காரியம் செய்ததுபோல அன்றைக்குக் கொஞ்சம் பசித்துக்கூடச் சாப்பிட்டேன்.

எட்டு நாள் கழித்து டீக்கடைக்காரி சொல்லித்தான் தெரிந்தது. குறுக்கபாளையத்தில் ஒரு பெண் தலையில் ஒரு கை இருக்கிறதாம், கட்டைவிரலில் நகம் இல்லாத கையாம், உள்ளங்கையில் கயிறு அறுத்த காய்ப்பாம். என் கட்டைவிரல் நகத்தை இருபது வருசத்துக்கு முன்னால் ஒரு எருது மிதித்து எடுத்துவிட்டது. என் கையைப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. உனக்கும் இப்படித்தான் இருந்தன.

பஸ் பிடித்துப் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலையில் என் கை, என் அழுக்குச் சட்டையின் கிழிந்த ஓரத்தோடு, கோழி அடைகாப்பதுபோல உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்து அவள் எழுந்திருக்கவில்லை. களையெடுப்புக் கூலி பேசப் போனால், கைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வா என்கிறார்களாம். பள்ளிக்கூடத்தில் மகளுக்குக் கையெழுத்துப் போடப் போனால், உனக்கு மேலே இருக்கிறவர் வரவில்லையா என்கிறார்களாம். இதையெல்லாம் கடலையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், சொல்லி முடித்த ஒவ்வொன்றுக்கும் என் கை அவளை இரண்டு தட்டுத் தட்டியது.

பிடித்து இழுத்தேன், அவள் கழுத்துத்தான் வலித்தது. "தப்பாயிடுச்சு கண்ணு, மன்னிச்சுக்க," என்றேன். அதுவரை அவள் பேச்சுக்கு மட்டும் தட்டிய கை, நான் கேட்ட மன்னிப்புக்கும் அவளையே தட்டியது. ஒரு கிடாரிக் கன்று ஓட்டிவந்து கட்டுகிறேன், கவலைப்படாதே என்றேன். அதற்கும் தட்டியது, முன்னைவிடச் செல்லமாக.

"நிறுத்துங்க," என்றாள். "அந்த மாட்டுக்கு நான் மனசுல என்ன வெலை வச்சுட்டு வந்தேன்னு இன்னவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. மூன்று பஸ் மாறி வந்தும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டேன்.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். "துண்டைப் போடுங்க."

விற்று எட்டு நாள் ஆன மாட்டுக்குத் துண்டு போட்டேன். அவள் விரல் உள்ளே என் விரலைப் பிடித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் விற்றதைவிடப் பத்தாயிரம் மேலே நின்றாள். என்ன திமிர் என்றேன். மாட்டுக்கு வலது மடி சின்னது, தெரியுமா என்றேன். சின்னது பார்வைக்குத்தான், கறந்து பார்த்தது நீங்களா நானா என்றாள். வேளைக்கு ஆறு லிட்டர், ஆனால் ரேடியோவில் பாட்டுப் போட்டால்தான் பால் விடும், நீங்கள் விற்ற வீட்டில் ரேடியோ இருக்கிறதா என்று கேட்டீர்களா என்றாள். பாட்டுக் கேட்கிற மாட்டுக்கு எவன் கூடக் கொடுப்பான் என்று நான் கத்தினேன். தவிட்டைவிட ரேடியோ மலிவு, இது தெரியாத ஆளெல்லாம் தரகுக்கு வந்தாச்சு என்று அவள் அதைவிடக் கத்தினாள். நான் ஒரு விரலை மடக்கினேன். அவள் அதை நிமிர்த்தினாள். நான் அவள் அப்பனை இழுத்தேன், அவள் என் மீசையை இழுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் அடிதடி என்று ஓடிவந்தார்கள். வேர்த்துக் கொட்டியது எனக்கு. ஒன்றேகால் வருசத்தில் அப்படி ஒரு வேர்வை எனக்கு வடிந்ததில்லை. கடைசியில் அவள் ஆயிரம் இறங்கினாள், நான் ஒன்பதாயிரம் ஏறினேன். அவள் துண்டுக்குள் என் உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

துண்டை எடுத்தபோது பக்கத்து வீட்டுக்காரிதான் முதலில் பார்த்தாள். வேலாத்தாள் தலையில் கை இல்லை. எந்த நொடியில் போனது என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நாங்கள் சண்டையில் இருந்தோம். அவள் தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்பதாயிரம் எப்போது வரும் என்று கேட்டாள். அடுத்த செவ்வாய் என்றேன். என் தலையில் உன் கை இரண்டு தட்டுத் தட்டியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். பிறகு பார்வையை இறக்கி, என் கண்ணைப் பார்த்து, "அது சொன்னாப் பத்தாது, நீங்க சொல்லுங்க," என்றாள். நான் மறுபடி சொன்னேன். சொன்னபடி கொடுத்தேன்.

ஆகவே இனி எனக்கு வழி தெரியாது என்று நீ சொல்ல முடியாது, உனக்குத் தெரியாது என்று வேறு யாரையும் சொல்லவும் விட மாட்டேன். இழுத்தால் போகாது. மன்னிப்புக் கடிதத்தால் போகாது. மாலை, பொன்னாடை, நலத்திட்டம், ஆட்களை அனுப்பி விசாரிப்பது, எதனாலும் போகாது. வைத்தவன் வர வேண்டும். காரை வெளியே நிறுத்திவிட்டு, குடைக்காரர்கள் இல்லாமல், சாணிக்குள் கால் வைத்து வா. என்னிடம் ஒரு மாடு இருக்கும். நான் ஒரு விலை சொல்வேன், அது அநியாய விலையாக இருக்கும். நீ சிரிக்கக் கூடாது, பாவம் என்று விட்டுக் கொடுக்கக் கூடாது, சரி பெரியவரே என்று சொல்லக் கூடாது. முடியாது என்று சொல். ஏமாற்றுகிறாயா என்று கேள். என் முகத்தைப் பார்த்து, உன் முகம் சிவக்க, தொண்டை கட்டுகிற வரைக்கும் என்னோடு சண்டை போடு. வீட்டில் மயிலாத்தாள் இன்றைக்கும் சரிங்க என்று சொல்லிவிட்டு உப்பை எடுக்கப் போயிருக்கிறாள். எனக்கு வயதாகிறது. சீக்கிரம் வந்து எடு.